கை எப்போ வரும்?

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதுதான் கேள்வி. நோயாளி கேட்பார், அவர் பேச முடியாதவர் என்றால் சம்சாரம் கேட்பார், காபி கொண்டுவரும் மருமகள் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்பாள். "கால் வந்துருச்சு சார், பரவாயில்ல. கை எப்போ வரும்?" அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் வார்டில் பிசியோதெரபிஸ்டாகத் தொடங்கி, பிறகு சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவன் நான். ஊர்க்காரர்களுக்கு நான் ‘கரண்ட் வைக்கிற சார்’. கரண்ட் மெஷினை நான் பையிலிருந்து எடுப்பதே அபூர்வம் என்றாலும் பெயர் மாறவில்லை.

கேள்வியில் தப்பில்லை. பக்கவாதத்தில் காலைவிடக் கை தாமதமாகத்தான் வரும். சிலருக்கு வராமலேயே போவதும் உண்டு. காரணம் கையில் இல்லை, மேலே இருக்கிறது. ரத்தக் கட்டி போய் அடைப்பது பெரும்பாலும் நடுப் பெருமூளைத் தமனியில். மூளையின் பக்கவாட்டுப் பரப்பில் பெரும்பகுதி இதை நம்பித்தான் இருக்கிறது. கைக்கும் முகத்துக்கும் உத்தரவு போடும் இடம் அங்கேதான். காலுக்கான இடமோ இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் உள்சுவரில், வேறொரு தமனியை நம்பி இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களிடம் கண்மாயை வைத்துச் சொல்லிவிடுவேன்: ஒரு மடை அடைத்தால் அந்த மடைக்குக் கீழே இருக்கிற வயல்தான் காயும், பக்கத்து மடை வயல் பச்சையாகவே நிற்கும். உடனே புரிந்துவிடும். எந்த வயல் எந்த மடை என்று சொல்லத்தான் டாக்டர் ஸ்கேன் பார்க்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1937-இல் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும், அறுவை மேஜையில் விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எங்கே தொட்டால் எது அசைகிறது என்று குறித்துவைத்தார்கள். கட்டைவிரல், மற்ற விரல்கள், உதடு, நாக்கு இவை பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தால் முதுகும் தொடையும் பாவம் போலத் தெரியும். நடப்பதற்கு முழங்கால் மடங்காமல் நின்றால் போதும்; இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாக வீசியாவது வாசல்வரை போய்விடலாம். சட்டைப் பித்தான் போட அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. ஐந்து விரலும் தனித்தனியாக வர வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் கையைப் பார்ப்பதில்லை. முதல் நாள் நான் பார்ப்பது கட்டிலை. எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் வாசல், விழுந்த கை எந்தப் பக்கம், வந்தவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்புறம் ஆளின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். ஒரு ஸ்பூன் தண்ணீரில் இருமுகிறாரா, பேர் கேட்டால் பேர் சொல்கிறாரா, அழக் காரணம் இல்லாத இடத்தில் அழுகிறாரா என்று பார்ப்பேன். கை கால் விழுந்தது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். மூளையில் அடிபட்டு, வெளியே தெரியாமல் போனது எது என்பதுதான் இந்த மனிதர் நாளைக்கு எழுந்து நிற்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது. குடும்பங்கள் நொறுங்கிப்போவதும் பெரும்பாலும் அதனால்தான்.

வார்டில் இருந்த காலத்தில் எனக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர், வர வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. பெரிய தமனியில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள். 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருக்கிறவர்களுக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை, காத்திருக்கும் நேரமும் சும்மா போவதில்லை. பெரிய அடைப்பில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு.

நெஞ்சு வலித்தால் நடுராத்திரியிலும் ஆட்டோ பிடிக்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. கை மரத்தது, வாய் லேசாகக் கோணியது, பேச்சு குழறியது. வலி இல்லையே என்று "படுத்து எந்திரிச்சா சரியாப்போயிரும்" என்று படுக்கவைத்துவிடுவார்கள். விடிந்தால் பாதி உடம்பு இல்லை. இதற்கு நடுவில் யாராவது சோடா உடைத்து வாயில் ஊற்றியிருப்பார்கள். விழுங்கும் தசையும் அதே அடியில் செயலிழந்திருக்கும்; சோடா நுரையீரலுக்குள் போயிருக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி. வாதத்தில் பிழைத்தவர் நிமோனியாவில் போன கதை எந்த நரம்பியல் வார்டிலும் உண்டு.

புறா ரத்தம் வேறு. புறாவை அறுத்துச் சூடு ஆறுவதற்குள் விழுந்த கை காலில் தடவிப் போர்வை போட்டு மூடிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. வார்டுக்கு வருகிறவரின் முழங்கையில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் சிஸ்டர்கள் ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர்த் துணியை எடுப்பார்கள். புறா ரத்தத்தால் தோலுக்குப் பெரிய கேடு ஒன்றும் இல்லை. அந்தப் புறாவைத் தேடிப் போன நேரம்தான் கேடு. சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் மாதிரியே இருக்கும், ரத்தக்குழாய் வெடித்தாலும் அப்படியே இருக்கும். வெடித்தவருக்குக் கரைக்கிற ஊசி போட்டால் உயிரே போய்விடும். சர்க்கரை பார்த்து, சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் எது எது என்று தெரியும். 108-ஐக் கூப்பிடுவதைத் தவிர வீட்டில் வைத்தியம் ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணியைப் பார்த்துவையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.

இனி தோள்பட்டை. இதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோளின் ஆழமில்லாத குழியில் தசைகளின் பிடியால்தான் நிற்கிறது. வாதம் வந்த முதல் வாரங்களில் அந்தத் தசைகள் துவண்டு கிடக்கும். அப்போது ஆளைத் தூக்கி உட்காரவைக்க மகன் ஒரு பக்கம், மைத்துனன் ஒரு பக்கம், அக்குளில் கைகொடுத்து ‘ஹேய்’ என்று ஒரே தூக்கு. அல்லது விழுந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது. பத்து நாள் இப்படி நடந்தால் போதும், தோள்பட்டை எலும்புக்குக் கீழே என் விரல் புதைகிற பள்ளம் ஒன்று விழுந்திருக்கும். கை வருமோ வராதோ, வலி வந்துவிடும். ராத்திரி புரள முடியாத வலி. வலிக்கிற தோளை அசைக்கவிட மாட்டார், அசைக்காத தோள் இறுகிப்போகும், பிறகு சட்டை மாட்டுவதே போராட்டம்.

அதனால் என் முதல் பாடம் தூக்குவது எப்படி என்பதுதான். ஒரு பழைய நாலு முழ வேட்டியை மடித்து ஆளின் இடுப்பில் இறுக்கிக் கட்டுகிறேன். அதுதான் பிடி. இரண்டு பாதமும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். அவருக்கு விழுந்த பக்கத்தில் நான் உட்கார்ந்து, என் முழங்காலால் அவர் முழங்காலை முட்டுக்கொடுக்கிறேன். "அய்யா, தலைய முன்னாடி கொண்டு வாங்க. மூக்கு முழங்காலத் தாண்டணும்." மூக்கு தாண்டினால் பின்பக்கம் தானாக மேலே வரும், நாம் தூக்க வேண்டியதே இல்லை, வேட்டியைப் பிடித்து வழிகாட்டினால் போதும். நாற்பது கிலோ சம்சாரம் எண்பது கிலோ வீட்டுக்காரரை இப்படி எழுப்புவதைப் பார்த்த மகன்களுக்கு முகத்தில் அசடு வழியும்.

இரண்டு சாமான்களை நான் போகிற வீடுகளில் கழற்றச் சொல்வேன். ஒன்று, உத்திரத்தில் கப்பி மாட்டிக் கயிறு கட்டி, நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கும் ஏற்பாடு. வாதத் தோளுக்கு இதைவிடக் கெடுதல் செய்யும் பயிற்சி இல்லை. எலும்பின் தலை திரும்பாமல் நேராக மேலே போய் முட்டி, நடுவில் இருக்கும் தசைநாரை நசுக்கும். இன்னொன்று, சிரித்த முகம் போட்ட மஞ்சள் ரப்பர் பந்து. யார் வாங்கிக்கொடுப்பார்களோ, எல்லா வீட்டிலும் இருக்கிறது. சில வாரம் கழித்து விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் இறுகி மடங்கத் தொடங்கும். மடக்குவது வந்துவிட்டது, வராதது விரிப்பது. அந்த நிலையில் பந்தை அமுக்கச் சொல்வது, ஏற்கெனவே ஓவராக வேலை செய்கிற தசைக்கே மேலும் வேலை கொடுப்பது. பந்தைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மேஜைமேல் துண்டை விரித்துத் தேய்க்கச் சொல்கிறேன், புளியங்கொட்டையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவைக்கச் சொல்கிறேன். எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற வேகத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. 2015-இல் வெளியான ‘அவெர்ட்’ என்ற பெரிய ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி அதிகம் பயிற்சி கொடுத்தவர்கள் மூன்று மாதக் கடைசியில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். எங்கள் தொழிலில் பலருக்கு அது அதிர்ச்சி. முதல் நாள் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவது என்றுதான் இப்போது செய்கிறோம்.

கல்யாணப் பந்தி பரிமாறியே வாழ்ந்த ஒருவர். மானாமதுரை வட்டாரத்தில் ஐந்நூறு இலை என்றாலும் அசராதவர். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு, இடது கை கால் விழுந்தது. நான் போனபோது தோளில் பள்ளமில்லை, கால் நன்றாகவே வந்துகொண்டிருந்தது, பேச்சு மணிமணியாக. சம்சாரம் மட்டும் தனியாக என்னிடம் வந்து, "சார், இவருக்கு ஊறுகா, உப்பு எதுவும் புடிக்கல. மறுபடி மறுபடி சோறு பத்தலங்கறாரு. இலைல பாதி அப்படியே கெடக்கு" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கே போனேன். நுனி இலை, நுனி இடது பக்கம், உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்தில், முறைப்படி. ஆயுசெல்லாம் மற்றவர்களுக்கு அப்படிப் போட்டுப் பழகியவர்.  அவருடைய கை இலையின் வலது பாதியில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. சோற்றுக் குவியலில்கூட வலது சரிவு மட்டும் காலி, இடது சரிவு கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. "சாப்ட்டாச்சு, இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்க மறந்துவிட்டது. இலையை நான் அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன். "அட, இம்புட்டு இருந்துச்சா?" என்று மீதியையும் சாப்பிட்டார்.

இதைக் கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும்? அவர் நடப்பார்; இடது பக்கம் நிலைக்கதவில் இடித்துக்கொண்டே நடப்பார். தன் இடது கை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடப்பது தெரியாமல் தூங்குவார். "உங்க இடது கை எங்க அய்யா?" என்று கேட்டால், பக்கத்தில் கிடப்பதைத் தொட்டுப் பார்த்து "இது யாரு கை?" என்று கேட்டவர்களும் உண்டு. வைத்தியத்தைவிட இங்கே வீட்டு ஏற்பாடுதான் முக்கியம். கட்டிலைத் திருப்பிப் போட்டு, இடது பக்கம் வாசல் இருக்கும்படி செய்தோம். வந்தவர்கள் எல்லாரும் இடது பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும், டிவியும் இடது பக்கம். இலையின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு ரிப்பன். ரிப்பன் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் முதல் கவளம். ஆறு மாதம் கழித்து அவர் பந்திக்குத் திரும்பினார், பரிமாற அல்ல, மேற்பார்வைக்கு. வரிசையின் இடது கோடியில்தான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அங்கே நின்றால் எல்லா இலையும் அவருக்கு வலது பக்கத்தில் வந்துவிடும்.

வலது பக்க உடம்பு விழுந்தவர்களுக்குக் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது; அங்கே அடி என்றால் வலது கையோடு வார்த்தையும் போகும். 1861-இல் பாரிஸில் பால் ப்ரோகா பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓர் ஓசையைத் தவிர எதுவும் வரவில்லை. சொல்வது மட்டும் புரிந்தது. இறந்தபின் மூளையைப் பார்த்து, இடது முன்மடலில் இடத்தைக் காட்டினார் ப்ரோகா. 1874-இல் கார்ல் வெர்னிக் காட்டியது நேர் எதிர் ரகம்: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் ஏறாது. இந்த இரண்டாம் ரகத்தைத்தான் நம் ஊரில் சித்தம் கலங்கிவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கட்டிப்போடுகிறார்கள்.

எம்.ஜி.ஆருக்கு 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்து, அப்போலோவிலிருந்து நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோனதும், 1985 பிப்ரவரியில் திரும்பியபின் அவர் பேச்சு பழையபடி தெளியாததும் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகும் முதலமைச்சராகத்தான் இருந்தார். பேச்சு போனால் அறிவும் போய்விட்டது என்று நினைத்துக் காதோரம் கத்திப் பேசும் உறவினர்களுக்கு நான் சொல்வது இந்த உதாரணம்தான். இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

ஓர் அப்பத்தாவுக்கு மகள் பேர் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ‘அது… அது…’ என்று விரலை ஆட்டிவிட்டு அழுதுவிடுவார். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவில் கந்த சஷ்டி கவசம் ஓடினால் கூடவே வரி பிசகாமல் சொல்வார். வீட்டில் எல்லாருக்கும் கோபம்: "சாமி பாட்டு வருது, எம்பேரு வரலையா?" நடிக்கவில்லை, பழகிப்போன பாட்டும் ராகமும் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும் மூளையில் வேறு வழியாக வருகின்றன, புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பதுதான் அறுந்த வழி என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. (கெட்ட வார்த்தைகளும் அந்தப் பழகிய வழியில் வருகிறவைதான். ஆசாரமான குடும்பங்களில் இதனால் வரும் சங்கடத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) பேச்சுப் பயிற்சியாளர் எங்கள் வட்டாரத்தில் கிடைப்பதில்லை. ராகத்தில் ஏற்றிச் சொல்லவைக்கும் முறை ஒன்று 1970-களிலிருந்து இருக்கிறது. நான் எட்டிப்பார்த்துக் கற்றுக்கொண்டது கொஞ்சம். ‘தண்ணி வேணும்’ என்பதைக் கவச ராகத்திலேயே இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்தோம். வந்தது. மகள் பேர் கடைசிவரை வரவில்லை; ‘ஆத்தா’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்.

வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்க்கிறவனுக்கு, பைக்கில் விழுந்து வருகிற பிள்ளைகள்தான் மனசுக்குப் பாரம். வார்டில் எங்கள் அளவுகோல் கிளாஸ்கோ மதிப்பெண். 1974-இல் டீஸ்டேலும் ஜெனட்டும் கொடுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு மதிப்பெண் 15. கட்டைக்குக்கூட 3 உண்டு. 8-ம் அதற்குக் கீழும் என்றால் மோசமான காயம். சிலர் ரோட்டில் மயங்கி விழுந்து, எழுந்து, "ஒண்ணுமில்லண்ணே" என்று டீ குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் மறுபடி சாய்வார்கள். பொட்டெலும்பு உடைந்து அதன் உள்பக்கத் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும். நேரத்தில் திறந்து எடுத்தால் முழு ஆளாக வீட்டுக்குப் போவார்கள். தாத்தாக்களுக்கு வேறு மாதிரி: குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டது எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும், மூன்று நாலு வாரம் கழித்து நடை தள்ளாடும், மறதி வரும், தூங்கிக்கொண்டே இருப்பார். வயசாச்சு என்று விட்டுவிடுவார்கள். மண்டையில் சின்னத் துளை போட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்தால் மறுநாளே பேப்பர் கேட்பார்.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்றுக்கொள்வதால் முன்பைவிட அதிகம் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது வேறு கணக்கு. மூளை நெற்றிக்குப் பின்னால் மண்டையோட்டின் கரடுமுரடான தரையில் மோதித் தேய்கிறது. அங்கே இருப்பது கை காலை அசைக்கும் வேலை அல்ல. பொறுப்பது, யோசிப்பது, வெட்கப்படுவது, ஒரு வேலையைத் தொடங்குவது. பாலிடெக்னிக் படித்த ஒரு பையன் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். நடை சரி, கை சரி, எழுத்து சரி. அவன் அம்மா சொன்னது: "எந்திரிச்சு வந்துட்டான் சார். ஆனா எம் புள்ள இல்ல இது." காலையில் பல் விளக்கு என்று சொல்லாவிட்டால் மத்தியானம்வரை படுத்திருப்பான். சொன்னால் டம்ளரை எறிவான். விருந்தாளிப் பெண்களிடம் எதை வேண்டுமானாலும் பேசுவான். அப்பா அதைத் திமிர் என்று அடித்தார், தாய்மாமா கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார். அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்தியதுதான் அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான பிசியோதெரபி.

1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில்பாதை வேலை செய்த ஃபினியஸ் கேஜின் மண்டைக்குள் இரும்புக் கம்பி துளைத்துப் போய், ஆள் பிழைத்து, குணம் மாறிய கதையை அந்த அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கம்பி போன ஆளுக்குச் சரி, இவனுக்குத் தையல்கூட இல்லையே" என்றார். ஸ்கேன் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கறுத்த திட்டுகளைக் காட்டினேன். அடி அன்றோடு நின்றது. பலகையில் எழுதி மாட்டிய நேர அட்டவணை, போனில் அலாரம், சத்தமில்லாத அறை, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று மெதுவாகப் போகிறது. மாமா கடையில் காலை மூன்று மணி நேரம் சரக்கு அடுக்குகிறான்.

பார்க்கின்சன் நோயாளிகளிடம் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். அதில் கொஞ்சம் வித்தை இருக்கிறது. கூடத்தில் நடந்து வருகிறவர் நிலைப்படிக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளினால் விழுவார். தரையில் ஓரடி இடைவெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "கோட்டத் தாண்டுங்க" என்றால் நடந்துவிடுவார். மாடிப்படி ஏறத் தெரிந்தவருக்குச் சமதளம் கஷ்டம். உள்ளிருந்து வர வேண்டிய தொடக்கக் கட்டளை வருவதில்லை, கண்ணால் பார்க்கும் அடையாளம் இருந்தால் மூளை சுற்றுவழியில் போய்விடுகிறது. ஒரு வீட்டில் மருமகள் நான் போட்ட கோட்டை அழித்துவிட்டு அதே இடைவெளியில் மாக்கோலக் கம்பி போட்டிருந்தாள். எனக்குத் தோன்றாதது அது. மாத்திரை நேரம் மட்டும் தவறக் கூடாது. பருப்பும் முட்டையும் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக ஏறாது.

வலிப்புக்கு இரும்புச் சாவி கொடுப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், பெருமை சாவிக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணி பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு காரணம் நாடாப்புழுவின் முட்டை கழுவாத காய்கறி, அசுத்தத் தண்ணீர் வழியாக உள்ளே போய் மூளையில் கட்டியாவது. பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் வரும் என்று சொன்னால் சைவக் குடும்பங்களில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் பயிற்சிக்கு ஆட்டோ வைத்துப் போய்வர எல்லாராலும் முடியாது. நாலு தடவை போவார்கள், பிறகு நின்றுவிடும். முதல் மூன்று மாதம்தான் மூளை வேகமாகச் சீர்செய்துகொள்ளும் காலம் என்பதால் அந்த நிறுத்தம் விலை அதிகம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபின் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகிறது. போதாதுதான். ஒரு நோயாளிக்குத் தினமும் வேண்டியதை மாதத்தில் சில தடவை கொடுக்கிறோம். ஆகவே நான் பயிற்சி கொடுப்பது நோயாளிக்கு என்பதைவிட அவர் சம்சாரத்துக்கு.

சம்சாரங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "பயிற்சி பண்ண மாட்டேங்குறாரு, சோம்பேறி" என்று அவர்கள் பெயர் கெடுகிறது, டாக்டரிடம் சொன்னால் அதற்கு மாத்திரை உண்டு. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. பந்தி பரிமாறியவர் வீட்டில், அவருக்குப் பிரஷர் பார்த்து முடித்துவிட்டு, "நீங்களும் கைய நீட்டுங்கம்மா" என்றேன். "எனக்கு என்ன சார், நா நல்லாத்தான் இருக்கேன். அடுப்புல கொழம்பு கெடக்கு." கட்டாயப்படுத்திப் பட்டையைச் சுற்றினேன். 178-க்கு 104. ஒரே அடுப்பு, ஒரே உப்பு, ஒரே ஊறுகாய். மறுபடி ஒரு தடவை பார்த்தேன், 174. சுகாதார நிலையத்துச் சிஸ்டருக்கு அங்கிருந்தே போன் போட்டு, டாக்டரிடம் காட்ட மறுநாள் காலைக்கு டோக்கன் சொல்லிவைத்தேன். "நா போயிட்டா இவரை யாரு பாக்குறது?" என்றார். காலையில் ஒரு மணி நேரம் நான் வந்து இருக்கிறேன், போய்விட்டு வாங்க என்று சொன்னேன். போனார். மாத்திரை அட்டையோடுதான் திரும்பி வந்தார்.